பிரிட்ஜா, இம்ப்ளாண்டா: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

தம்பி, கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்தாயிற்று, டாக்டர் பிரிட்ஜ், இம்ப்ளாண்ட் என்று இரண்டு வழியையும் சொல்லி யோசித்து வரச் சொன்னார், டிசம்பர் லீவில் கோவையிலேயே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையில் தொடங்காதீர்கள். இடைவெளிக்கு இருபுறமும் நிற்கிற பற்களில் தொடங்குங்கள்.

பிரிட்ஜ் என்றால் அந்த இரண்டு பல்லையும் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் போல, கடிக்கும் பரப்பில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை அராவி, மூன்று பல்லை ஒரே துண்டாக ஒட்டுவார்கள். அவற்றில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோ பழைய கிரவுனோ (பல் மேல் போடும் உறை) இருந்தால் பிரிட்ஜ்தான் சரி; இரண்டு, மூன்று வாரத்தில் வேலை முடியும். சொத்தையே படாத பல் என்றால் அராவ எனக்கு மனம் வராது. அராவிய எனாமல் திரும்ப வளராது. சில சமயம் உள்ளே நரம்பு செத்து, பிறகு கிரவுனைத் துளைத்து ரூட் கெனால் செய்ய வேண்டிவரும்.

பிரிட்ஜ் கெடுகிற விதமும் தந்திரமானது. ஒரு பக்க சிமெண்ட் விட்டுப்போனாலும் மறுபக்கம் பிடித்திருப்பதால் கழன்று விழாது. உள்ளே எச்சில் புகுந்து பல் சத்தமில்லாமல் சொத்தையாகும். விரலால் அழுத்தும்போது ஓரத்தில் எச்சில் குமிழி கிளம்பினால் உடனே போய்க் காட்டுங்கள். நடுப்பல்லுக்கு அடியில் தினமும் சூப்பர்ஃப்ளாஸ் என்ற தடித்த பல் நூலோ சிறு பிரஷ்ஷோ விட்டுச் சுத்தம் செய்யவும் வேண்டும்.

இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கிற திருகு; அது பக்கத்துப் பல்லைத் தொடாது. ஆனால் எலும்பு வேண்டும். பல் எடுத்த முதல் வருடத்திலேயே தாடை எலும்பின் அகலம் பாதி வரை குறையலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். கீழ்த்தாடையில் நரம்புக் குழாயிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் விட்டுத்தான் திருகைப் பதிப்பார்கள். அந்த அளவு சாதாரண எக்ஸ்ரேயில் தெளியாவிட்டால் முப்பரிமாண ஸ்கேன், இங்கே டே-ஃபாவ்-டே என்பது, எடுக்கச் சொல்லுங்கள். திருகு எலும்போடு சேர மூன்று மாதம் போல ஆகும், பிறகுதான் கிரவுன். கிரவுனைத் திருகிப் பொருத்த முடியுமா என்று கேளுங்கள். ஒட்டினால் ஈறுக்கடியில் தங்கும் சிமெண்ட், ஈறு வீங்கி எலும்பு கரைய ஒரு காரணம். சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை இரண்டும் இம்ப்ளாண்டுக்கு ஆகாது. எலும்புத் தேய்வுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து எடுத்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி பணம். நீங்கள் அரசு காப்பீட்டில் இருப்பதாக வைத்துச் சொல்கிறேன். காஸே, அதாவது உங்கள் காப்பீட்டு நிறுவனம், ஒரு நிலையான மானியம் தரும்: அடிப்படைச் சிகிச்சைச் செலவில் 60 சதவீதம். போனஸ்ஹெஃப்ட் என்ற பல் பரிசோதனைப் பதிவுப் புத்தகத்தில் தொடர்ந்து ஐந்து வருடப் பரிசோதனை பதிவாகியிருந்தால் 70, பத்து வருடம் என்றால் 75. வருமானம் மிகக் குறைவென்றால் அடிப்படைச் சிகிச்சைச் செலவு முழுவதும் கிடைக்கும். உங்கள் இடத்தில் அடிப்படைச் சிகிச்சை என்பது வெறும் உலோக பிரிட்ஜ். பல் நிறப் பூச்சு கீழ்த்தாடையில் நடுவிலிருந்து எண்ணி நான்காம் பல் வரைதான், அதற்குப் பின்னால் வேண்டுமென்றால் கைக்காசு. இம்ப்ளாண்ட் போட்டாலும் அந்த மானியம் உண்டு, ஆனால் திருகும் அறுவைச் செலவும் உங்கள் தலையில். கிரவுனோடு சேர்த்துப் பல ஆயிரம் யூரோ வரை போகும். இதற்காக இப்போது பல் கூடுதல் காப்பீடு எடுக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்த பல்லையும் டாக்டர் சொல்லிவிட்ட சிகிச்சையையும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் விலக்கிவிடும். ஹைல்-உண்ட்-கோஸ்டன்பிளான் என்ற செலவுத் திட்டத்துக்கு காஸே ஒப்புதல் வந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். வேறொரு டாக்டரிடம் இன்னொரு திட்டம் வாங்கி ஒப்பிடுவதும் இங்கே சகஜம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கோவையில் செய்தால் காஸே காசு வராது. இங்கே பல் கிரவுனுக்கும் பிரிட்ஜுக்கும் டாக்டர் இரண்டு வருடம் பொறுப்பு, அதுவும் போகும். பிரிட்ஜ் என்றால் மூன்று வார லீவு போதும், ஆனால் நெருக்கடிதான். கடி சரியில்லை என்று தெரிவதற்குள் விமானம் ஏறியிருப்பீர்கள். இம்ப்ளாண்ட் என்றால் இரண்டு பயணம் கட்டாயம். அப்படியும் அங்கேதான் என்றால் இம்ப்ளாண்ட் பாஸ் கேட்டு வாங்குங்கள்: கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண், தேதி. ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகுச்சாவி வேறு. திருகு தளர்ந்த நாளில் அந்தத் தாள் இல்லாவிட்டால் இங்குள்ள பல டாக்டர்கள் கையே வைக்கத் தயங்குவார்கள்.