போனில் பழையது, லேப்டாப்பில் புதியது

கேள்வி: பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் செயலியை (பாஸ்வேர்டு மேனேஜர்) மாற்றியதிலிருந்து ஒரே ரோதனை. கடை லேப்டாப்பில் புதிய பாஸ்வேர்டு, போனில் பழையது. ஏலக்காய் எடுக்கக் குமுளி மலை ஏறினால் சிக்னலும் இல்லை. என்ன செய்ய?
- வாசகர், கம்பம்

பதில்: போனில் இன்னும் பழைய செயலிதான் நிரப்பிக்கொண்டிருக்கும், செட்டிங்ஸில் 'ஆட்டோஃபில்' என்று தேடிப் புதியதற்கு மாற்றுங்கள். அப்புறம், மலை ஏறும் முன் கம்பத்திலேயே செயலியை ஒருமுறை திறந்து சிங்க் ஆகிவிட்டதா, அதாவது புதிய பாஸ்வேர்டுகள் போனுக்கும் வந்துவிட்டதா என்று பாருங்கள், பெரும்பாலான செயலிகள் கடைசியாக இறக்கிய பிரதியை நெட் இல்லாமலும் காட்டும். அதைவிட முக்கியம், மாற்றும்போது பழைய செயலியிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டும் அடங்கிய ஒரு சி.எஸ்.வி. ஃபைல் இறக்கியிருப்பீர்களே, அதை நோட்பேடில் திறந்தால் பேங்க் பாஸ்வேர்டு வரை பச்சையாகத் தெரியும் (நானே ஒரு மாதம் அழிக்க மறந்திருந்தேன்). அந்த ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் சேர்த்துக் காலி செய்யுங்கள். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை, முகம் அல்லது பின் நம்பரால் உள்ளே நுழையும் முறை) அந்த ஃபைலில் பெரும்பாலும் வராது, அநேகமாகத் தளம் தளமாகப் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும். அதுவரை பழைய செயலியின் கணக்கை மூடிவிடாதீர்கள்.