ஹைட்ரா ஓட்டுபவர் மகனுக்கு சென்சார் படிப்பு சரிவருமா?

"இவனை சைட் பக்கமே விடாதீங்க சார்." மகனின் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்க வியாசர்பாடியிலிருந்து வந்த அம்மா உட்கார்ந்ததும் சொன்னது இதுதான். கணவர் ஹைட்ரா கிரேன் ஆப்பரேட்டர். பிளஸ் டூ முடித்த மகனோ, கிரேன், பொக்லைனில் பாதுகாப்பு சென்சார் மாட்டும் வேலைக்குத்தான் போவேன் என்கிறான்.

அம்மா, உங்கள் பயம் நியாயம்தான். ஹைட்ரா சரக்கோடு நகரும்போது, அது ஆடாமலிருக்க ஹெல்பர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடப்பார். பூமும் (கிரேனின் நீண்ட கை) சரக்கும் மறைப்பதால் ஆப்பரேட்டர் கண்ணுக்கு அவர் பட மாட்டார். கால் தடுக்கினால் சக்கரம்தான். உங்கள் மகன் கை வைக்க நினைப்பது அந்த மறைவில்தான்.

அது லேசான வேலை இல்லை. கேமராவில் சேறு அப்பினால் தீர்ந்தது. ரேடார் தூசியிலும் பார்க்கும். ஆனால் சாதாரண ரேடாருக்கு ஜல்லிக் குவியலும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். ஹெல்மெட்டில் சிக்னல் கொடுக்கும் சின்ன டேக் வைத்தால் ஆள் வந்தால் மட்டும் கத்தும். டேக் போடாமல் வந்தவரை அது கண்டுகொள்ளாது.

"அப்பா வண்டியில ஆள் கிட்ட வந்தா கத்துற பஸ்ஸர் இருக்கா?" என்று பையனைக் கேட்டேன். "இருக்கு சார், சும்மா சும்மா கத்துதுன்னு துணி சுத்தி வெச்சிருக்காரு." இந்தத் துணி விஷயம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. அவனுக்கு இந்தத் துறை சரி என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆறு மாத 'சென்சார் கோர்ஸ்' சான்றிதழுக்குக் கடன் மட்டும் வாங்காதீர்கள். அரசு பாலிடெக்னிக்கில் ஈசிஈ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) டிப்ளமோ போதும். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவோ தொழிற்பிரிவோ படித்திருந்தால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தரமணியில் இருக்கும் அரசு பாலிடெக்னிக் தூரம்தான், பீச் ஸ்டேஷன் போய்ப் பறக்கும் ரயில் ஏறினால் சமாளிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். டிப்ளமோ முடித்து ஆசைப்பட்டால் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

வேலை என்பது பெரும்பாலும் கிரேனின் லோடு இண்டிகேட்டரை, அதாவது தூக்கும் எடை வரம்புக்குள் இருக்கிறதா என்று காட்டும் கருவியைச் சரிபார்ப்பது. பூமை நீட்ட நீட்ட, சாய்க்கச் சாய்க்க அது தூக்கக்கூடிய எடை குறையும். கோணத்தையும் நீளத்தையும் சென்சார் தப்பாகச் சொன்னால் வண்டியே கவிழும். ஆரம்பச் சம்பளம் சுமார்தான், ராத்திரியிலும் கூப்பிடுவார்கள். மறைக்கவில்லை.

சேர்க்கைக்கு முன்னால் ஒரு வேலை. அவன் சைட்டுக்குள் போக வேண்டாம். ஒருநாள் அவன் அப்பா அந்தத் துணியை அவிழ்த்து வைத்து ஓட்டட்டும். பஸ்ஸர் எத்தனை முறை கத்தியது, அதில் எத்தனை முறை நிஜமாகவே ஆள் நின்றார் என்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அந்தத் தாளோடு அடுத்த வாரம் வாருங்கள், அப்பாவையும் அழைத்துக்கொண்டு.