ஜெயிச்சா "ஜெயிச்சுட்டோம்", தோத்தா "தோத்துட்டானுங்க": ரசிகர் மனசு பத்தி கேள்வி பதில்

வணக்கம் மக்களே. விளையாட்டு உளவியல் படிச்சுட்டு பல வருஷமா அதையே பாடமா எடுத்துட்டு இருக்கேன், ஆனா படிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு டீமுக்கு முழுநேர பைத்தியம் நான். எந்த டீம்னு சொல்ல மாட்டேன், சொன்னா பாதி பேர் கேள்விய விட்டுட்டு சண்டைக்கு வந்துருவீங்க. கேளுங்க.

கேள்வி: அக்கா, எங்க டீம் தோத்து மூணு நாள் ஆச்சு, இன்னும் எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது. யாரோ பதினோரு பேர் ஆடினதுக்கு எனக்கு ஏன் வலிக்குது? வீட்ல லூசுன்னு சொல்றாங்க.

லூசு இல்லப்பா. வீட்ல காட்டறதுக்கு ஒரு விஷயம் தரேன். 1994 ஃபுட்பால் வேர்ல்ட் கப் ஃபைனல், பிரேசில் இத்தாலி, கோலே விழாம பெனால்டி ஷூட்அவுட் வரைக்கும் போய் கடைசில இத்தாலியோட பாஜியோ பந்தை மேல தூக்கி அடிச்சாரே அந்த மேட்ச். அத டிவில பாத்துட்டு இருந்த ரெண்டு பக்க ரசிகர்கள்கிட்டயும் மேட்சுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை எச்சில் எடுத்து டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஹார்மோன அளந்து பாத்தாங்க. பிரேசில் ரசிகர்களுக்கு ஏறியிருந்துச்சு, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்துச்சு. சேர்ல உக்காந்து பாத்தவங்க, பந்தை தொடக்கூட இல்ல, ஆனா உடம்பு தானே ஆடி தானே தோத்த மாதிரி கணக்கு எழுதிக்குது.

இன்னொன்னும் இருக்கு. 1992ல வந்த ஒரு ஆய்வுல தீவிர ரசிகர்கள மேட்ச் பாக்க வச்சுட்டு, அப்புறம் அவங்களுக்கே சில வேலை குடுத்து "இத நீங்க எவ்ளோ நல்லா செய்வீங்க"ன்னு கேட்டாங்க. டீம் தோத்திருந்தா, சம்பந்தமே இல்லாத வேலைலயும் தன்னால முடியாதுங்கற மாதிரி தன்னையே கம்மியா மதிப்பு போட்டாங்க. மூணு நாளா எதுலயும் மனசு ஒட்டலன்னு சொல்றீங்களே, அதோட சொந்தக்காரன் இது. அதனால தோத்த மறுநாள் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க, வேலைய விடறதா இருந்தாலும் சரி, லவ்வ சொல்றதா இருந்தாலும் சரி. ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரல, வேலை ஓடலன்னா அது மேட்ச் விஷயம் மட்டும் இல்ல, அப்போ ஒரு டாக்டர பாத்துருங்க.

கேள்வி: ப்ரோ, என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஜெயிச்சா "ஜெயிச்சுட்டோம்"ங்கறான், தோத்தா "தோத்துட்டானுங்க"ங்கறான். இவனெல்லாம் ரசிகனா?

ப்ரோ இல்ல தம்பி, அக்கா. கேள்வி சூப்பர், இதுக்கு நான் ஒரு கிளாஸ் ஃபுல்லா பேசுவேன்.

ராபர்ட் சியால்டினின்னு ஒரு சமூக உளவியலாளர், அவரும் அவர் கூட இருந்தவங்களும் 1976ல இதையே ஆராய்ச்சியா பண்ணி வெளியிட்டாங்க. அமெரிக்க காலேஜ்கள்ல சனிக்கிழமை மேட்ச் நடக்கும், திங்கக்கிழமை கிளாஸ்ல எத்தனை பேர் காலேஜ் பேர் போட்ட சட்டை போட்டுட்டு வராங்கன்னு எண்ணினாங்க. ஜெயிச்ச வாரம் எண்ணிக்கை கூடுச்சு. அப்புறம் ஃபோன் பண்ணி மேட்ச் என்னாச்சுன்னு கேட்டாங்க, ஜெயிச்ச மேட்சுக்கு "நாங்க", தோத்த மேட்சுக்கு "அவங்க". இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, ஃபோன்ல முதல்ல ஒரு சின்ன குவிஸ் வச்சு, சில பேர்கிட்ட நீ சரியா பண்ணலன்னு சொல்லிட்டு அப்புறம் மேட்ச் பத்தி கேட்டாங்க. அடி வாங்கின ஆளுங்கதான் ஜெயிச்ச டீம்கூட இன்னும் இறுக்கமா ஒட்டிக்கிட்டாங்க. அதாவது "ஜெயிச்சுட்டோம்"ங்கறது சும்மா பெருமைக்கு மட்டும் இல்ல, சில நேரம் அது காயத்துக்கு போடற பிளாஸ்திரி.

அவங்க இங்கிலீஷ்ல அத கண்டுபிடிக்க தனியா ஒரு வார்த்தைய தேட வேண்டியிருந்துச்சு, நமக்கு அந்த வேலையே இல்ல பாருங்க, வினைச்சொல் வால்லயே மாட்டிக்குவான் ஆளு. ஓம்னு முடிச்சானா உள்ள இருக்கான், ஆனுங்கன்னு முடிச்சானா கதவ தொறந்து வெளிய போயிட்டான். உங்க ஃப்ரெண்டு ரசிகன்தான், ஆனா வாசல்படில நிக்கற ரசிகன். டீமோட ரொம்ப ஆழமா ஒட்டினவங்களால தோத்தாலும் வெளிய போக முடியறதில்ல, "தோத்துட்டோம்"னுதான் வாய்ல வரும். அவங்களுக்குதான் வலியும் அதிகம். அவன திட்டாதீங்க, அவன் நிம்மதியா தூங்கறான்.

என் கதைய கேட்டா, 2019 வேர்ல்ட் கப் செமிஃபைனல்ல நியூசிலாந்து 239 அடிச்சு, நாம 5 ரன்னுக்கு 3 விக்கெட்ல இருந்து, ஜடேஜா 77 அடிச்சு எழுப்பி, தோனி ரன் அவுட் ஆகி 18 ரன்ல போச்சே, அன்னைக்கு எங்க வீட்ல பத்து நிமிஷம் யாரும் பேசல. முதல்ல பேசினது எங்கண்ணன். ஒரே வார்த்தைதான், "தோத்துட்டோம்". அப்புறம் எழுந்து போய் ஃபேன் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வந்து மறுபடி அதே இடத்துல உக்காந்தான், ஏன் பண்ணினான்னு அவனுக்கே தெரியாது.

கேள்வி: அக்கா, நான் எந்திரிச்சா விக்கெட் விழுது. நிஜமாவே. இதுக்கு எதாவது விளக்கம் இருக்கா?

இருக்கு, ஆனா அதுல நீங்க புறா. 1948ல ஸ்கின்னர்னு ஒரு உளவியலாளர் பசியோட இருந்த புறாக்கள கூண்டுல விட்டு, அது என்ன பண்ணினாலும் பண்ணலன்னாலும் குறிப்பிட்ட இடைவெளில தானா தீனி வர மாதிரி வச்சார். தீனி வந்த நேரத்துல எது என்ன பண்ணிட்டு இருந்துச்சோ அதையே திருப்பி திருப்பி பண்ண ஆரம்பிச்சுது, ஒரு புறா வட்டம் சுத்துது, இன்னொன்னு கூண்டு மூலைல தலைய தலைய நீட்டுது. நம்மளாலதான் தீனி வருதுன்னு அதுங்க நினைப்பு.

நான் சின்னப்பொண்ணா இருந்தப்போ ஈரத்துணியோட ரூம் வாசல தாண்டிட்டு இருந்தேன், அந்த நேரம் பாத்து ஒரு சிக்ஸ், அண்ணன் "அப்படியே நில்லு, அசையாத"ன்னுட்டான். அந்த பார்ட்னர்ஷிப் முடியற வரைக்கும் நின்னேன், துணில இருந்து சொட்டு சொட்டா தண்ணி கால்மேல விழுந்துட்டே இருந்துச்சு, ஒரு கால் மரத்தே போச்சு. அம்மா வந்து திட்டி நகத்துனாங்க, நாலாவது பந்துல அவுட்டு. இன்னைக்கும் அண்ணன் அதுக்கு அம்மாவதான் குறை சொல்றான்.

விளக்கம் தெரிஞ்சா போயிருமான்னா போகாது. ஒன்னும் செய்ய முடியாத இடத்துல எதையாவது செய்யணும்னு மனசு துடிக்கும், அவ்ளோதான். யாருக்கும் தொந்தரவு இல்லாத வரைக்கும் உக்காந்த இடத்துலயே உக்காருங்க, ஆனா பாத்ரூம் போறவங்கள தடுக்காதீங்க.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு ஏற்கனவே ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு. டைட் மேட்ச்னா வேர்த்து கொட்டுது. பாக்க விடலாமா?

இது ஜோக் இல்லாம பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 2006 ஃபுட்பால் வேர்ல்ட் கப் ஜெர்மனில நடந்தப்போ மியூனிக் சுத்துவட்டாரத்துல ஆராய்ச்சி பண்ணினாங்க, ஜெர்மனி ஆடின நாள்கள்ல இதயம் சம்பந்தமான எமர்ஜென்சி மத்த நாள்கள விட 2.66 மடங்கு இருந்துச்சு, மேட்ச் ஆரம்பிச்ச முதல் ரெண்டு மணி நேரத்துலதான் ரொம்ப அதிகம். 1998ல இங்கிலாந்து அர்ஜென்டினாகிட்ட பெனால்டில தோத்த அன்னைக்கும் அடுத்த ரெண்டு நாளும் இங்கிலாந்துல மாரடைப்புன்னு அட்மிட் ஆனவங்க 25 சதவீதம் கூடினாங்க. ஏற்கனவே இதய நோய் இருக்கறவங்களுக்கு ரிஸ்க் இன்னும் ஜாஸ்தி.

அதனால அவர் டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க, மேட்ச் பாக்கலாமான்னு கேக்க கூச்சப்படாதீங்க. மேட்ச் நாள்ல மாத்திரைய தவறவிடக்கூடாது, சிகரெட் கூடாது, தனியா பாக்க விடக்கூடாது. நெஞ்சு அழுத்தமோ மூச்சு திணறலோ வேர்வையோ வந்தா "கடைசி ஓவர் முடியட்டும்"னு ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. உங்க அப்பா கண்டிப்பா அப்படி சொல்வார், எல்லா அப்பாவும் சொல்வாங்க.

கேள்வி: ஆபீஸ்ல எதிர் டீம் ஆளுங்க மீம் போட்டு சாவடிக்கறாங்க, என்ன பண்ணலாம்?

போன சீசன்ல நீங்க என்ன மீம் போட்டீங்கன்னு முதல்ல சொல்லுங்க.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் டீம் தோத்தா ரிமோட்ட தூக்கி அடிக்கறார், பிள்ளைங்க மேல கத்தறார். மறுநாள் சாரி சொல்லிடறார். இது ரசிகர்கள்கிட்ட சகஜம்தானே?

இல்லம்மா, சகஜம் இல்ல, அப்படி நினைச்சு விட்டுடாதீங்க. வருத்தம் சகஜம், பேசாம உக்காந்திருக்கறது சகஜம், அழறதுகூட சகஜம். வீட்ல இருக்கறவங்க பயந்து நடக்கறது சகஜம் கிடையாது.

டேவிட் கார்டு, கோர்டன் டால்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2011ல அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் முடிவுகளையும் போலீஸ் பதிவுகளையும் சேத்து வச்சு பாத்தாங்க. சொந்த டீம் ஜெயிக்கும்னு கணிச்ச மேட்ச்ல எதிர்பாராம தோத்தப்போ, ஆம்பளைங்க வீட்ல மனைவியையோ காதலியையோ அடிக்கறது சுமார் 10 சதவீதம் கூடியிருந்துச்சு, அதுவும் மேட்ச் முடியற நேரத்த ஒட்டி. யார் வேணா ஜெயிக்கலாம்னு இருந்த மேட்ச்ல தோத்தா அந்த மாதிரி கூடல. அதாவது எதிர்பார்ப்பு உடையற அந்த கொஞ்ச நேரம்தான் ஆபத்து. அதனால அவர் நல்ல மூட்ல இருக்கறப்போ பேசுங்க, தோத்தா டிவிய அணைச்சுட்டு உடனே வெளிய ஒரு நடை போயிட்டு வரணும்னு அவரே ஒத்துக்கணும், மேட்சோட குடி சேருதுன்னா அத முதல்ல நிறுத்தணும். கை நீட்டற அளவுக்கு போனா, போகும்னு தோணுனாகூட, இது மேட்ச் பிரச்சினையே இல்ல, உங்க பக்கம் நிக்கற ஒருத்தர்கிட்ட உடனே சொல்லுங்க, உதவி எண்கள் இருக்கு, கூப்பிடுங்க. டீம்தான் தோத்துச்சு, நீங்க ஏன் அதுக்கு பயப்படணும்?

கேள்வி: முதல் ரவுண்ட்லயே வெளிய போறது மோசமா, ஃபைனல்ல தோக்கறது மோசமா?

ஃபைனல். யோசிக்கவே வேண்டாம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் வீடியோ போட்டு காட்டி முகத்துல எவ்ளோ சந்தோஷம்னு மார்க் போட சொன்ன ஒரு ஆய்வு இருக்கு, 1995ல வந்தது. வெண்கலம் வாங்கினவங்க வெள்ளி வாங்கினவங்கள விட சந்தோஷமா தெரிஞ்சாங்க. வெள்ளிக்காரன் மேல பாக்கறான், வெண்கலக்காரன் கீழ பாக்கறான், "நல்லவேளை, வெறுங்கையா போகல"ன்னு. 2023 கிரிக்கெட் வேர்ல்ட் கப்ல நாம வரிசையா 10 மேட்ச் ஜெயிச்சுட்டு நவம்பர் 19 ஃபைனல்ல ஆஸ்திரேலியாகிட்ட 6 விக்கெட்ல தோத்தது ஏன் அப்படி வலிச்சுதுன்னா அந்த பத்து வெற்றியாலதான். 2007 வேர்ல்ட் கப்ல முதல் ரவுண்டோட வெளிய வந்தப்போ கோபம் வந்துச்சு, ஆனா இந்த மாதிரி தொண்டைய அடைக்கல எனக்கு.

கேள்வி: தோக்கப்போறோம்னு தெரிஞ்சா பாதில ஆஃப் பண்ணிடுவேன். தப்பா?

தப்பில்ல. ஆனா 2005 சாம்பியன்ஸ் லீக் ஃபுட்பால், இஸ்தான்புல் ஃபைனல்ல ஹாஃப் டைம்ல மிலன் 3, லிவர்பூல் 0. அப்புறம் ஆறே நிமிஷத்துல மூணு கோல், கடைசில பெனால்டில லிவர்பூல் கப்ப தூக்கிட்டாங்க. ஹாஃப் டைம்ல தூங்கப்போன ஒரு ரசிகன நினைச்சு பாருங்க. ஆஃப் பண்ணுங்க, ஸ்கோர் மட்டும் பாத்துக்கோங்க.

கேள்வி: நான் ஃபெடரர் ரசிகை. அவர் ரிட்டயர் ஆனப்புறம் டென்னிஸே பாக்க பிடிக்கல. டீம்னா தொடரும், ஆளுன்னா என்ன பண்றது?

டீம் ரசிகர்களுக்கு இருக்கற ஒரு சௌகரியம் உங்களுக்கு இல்ல, உண்மைதான். டீம்ல எல்லா ஆளும் மாறிடுவாங்க, பேரும் கலரும் நிக்கும். ஒரு ஆளோட ரசிகர்னா முடிவு தேதி போட்டே வருது. 2019 விம்பிள்டன் ஃபைனல்ல அஞ்சாவது செட் 8-7, 40-15, சர்வ் அவர் கைல, ரெண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட், ரெண்டும் போச்சு. நீங்க இன்னும் அத ரீப்ளே பாத்திருக்க மாட்டீங்கன்னு பந்தயம் கட்டறேன். அதே ஜூலை 14தான் லார்ட்ஸ்ல நியூசிலாந்து ரசிகர்களுக்கு பவுண்டரி எண்ணிக்கைல கப் போன நாள், ஒரே நாள்ல ஒரே ஊர்ல ரெண்டு கூட்டம் அழுதுச்சு.

2022 செப்டம்பர்ல கடைசி மேட்ச் ஆடி முடிச்சுட்டு அவர் அழறப்போ பக்கத்துல உக்காந்து நடாலும் அழுதார் ஞாபகம் இருக்கா? நான் உங்கள போய் நடால் மேட்ச் பழசுகள பாக்க சொல்வேன், ஃபெடரரோட ஆடினது இல்ல, மத்தவங்களோட ஆடினது. எதிரியா நினைச்சு பாக்காம விட்ட ஆட்டம் நிறைய இருக்கும். புது ஆள உடனே பிடிக்கணும்னு கட்டாயப்படுத்திக்காதீங்க, அது தானா நடந்தாதான் உண்டு.

கேள்வி: இவ்ளோ நேரம், இவ்ளோ உணர்ச்சி, இதெல்லாம் வேஸ்ட் இல்லையா?

டேனியல் வான்னு ஒருத்தர் ரசிகர்கள பத்தியே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவர், ஒரு டீமோட எவ்ளோ ஒட்டியிருக்கோம்னு அளக்க 1993ல ஒரு கேள்வித்தாளே போட்டவர். சுத்தி இருக்கற கூட்டத்தோட சேந்து ஒரு டீம பிடிச்சுக்கறவங்களுக்கு தனிமை உணர்வு கம்மின்னு அவர் ஆய்வுகள் காட்டுது. கூட்டத்தோட சேந்துங்கறதுதான் முக்கியம். தனியா ரூம்ல உக்காந்து ஆட்டக்காரங்கள திட்டி டைப் பண்ணிட்டு இருந்தீங்கன்னா, அது வேஸ்ட்தான்.

கேள்வி: அக்கா, எங்க டீம் போன மாசம் முதல் தடவையா கப் ஜெயிச்சுட்டோம். அப்பாதான் எனக்கு இந்த டீம பழக்கினார், ரெண்டு வருஷம் முன்னாடி இறந்துட்டார். ஜெயிச்ச நிமிஷம் எல்லாரும் கத்தறாங்க, நான் பால்கனில போய் அழுதேன். சந்தோஷமா இல்லையான்னு எல்லாரும் கேக்கறாங்க, சொல்லத் தெரியல.

சொல்ல வேண்டாம் தம்பி. 2016ல சிகாகோ கப்ஸ்னு ஒரு பேஸ்பால் டீம் 108 வருஷம் கழிச்சு ஜெயிச்சுது, கடைசியா ஜெயிச்சது 1908. அப்போ ரசிகர்கள் அவங்க ஸ்டேடியத்தோட செங்கல் சுவர்ல சாக்பீஸால பேர் எழுத ஆரம்பிச்சாங்க, அதுல பலதும் இத பாக்காம போயிட்ட அப்பா, தாத்தா, பாட்டி பேருங்க. கைக்கு எட்டின உயரம் முடிஞ்சதும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறி எழுதினாங்க. அந்த கூட்டத்துல யாரும் யாரையும் பாத்து ஏன் அழறன்னு கேட்டிருக்க மாட்டாங்க.

கேள்விய திருப்பி படிச்சு பாருங்க, "டீம் ஜெயிச்சுட்டோம்"னு எழுதியிருக்கீங்க. இலக்கணப்படி தப்பு, திருத்தாதீங்க. அது சரி, அப்பாவும் நீங்களும் சேந்து கடைசியா பாத்த மேட்ச் எது, அதுல என்ன ஆச்சு?