வாசகர் கேள்வி: இழுப்பறைக் கல்லும் இணையத் தேடலும்

கேள்வி: எங்கள் அரியலூர்ப் பக்கம் வயல்களில் கிடைக்கும் அம்மோனைட் (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடல் உயிரினம்) போன்ற புதைபடிவங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதாக என் ஆசிரியர் சொன்னார். அவற்றை இணையத்தில் தேடும்படி செய்து வருகிறார்களாம். ஒவ்வொன்றையும் படம் எடுத்து ஏற்றிவிட்டால் போதாதா? ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன? (கல்லூரி மாணவி, அரியலூர்)

பதில்: படம் எடுப்பதுதான் இந்தப் பணியில் எளிது. அந்த அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 8 கோடி மாதிரிகள் உள்ளன என்பதால் அதற்கும் காலம் பிடிக்கும். ஆனால் உண்மையான உழைப்பு கல்லோடு இருக்கும் துண்டுச்சீட்டில்தான் அடங்கியிருக்கிறது. இழுப்பறையைத் திறந்தால், மேற்பரப்பில் மையால் எண் எழுதிய ஒரு கல்லும், அதனருகே மங்கிய கையெழுத்தில் ஒரு சீட்டும் இருக்கும். அந்தச் சீட்டை ஒருவர் படித்து, பெயர், இடம், பாறை அடுக்கு, சேகரித்தவர் என்று பிரித்துத் தட்டச்சு செய்யாத வரையில், எவ்வளவு தெளிவான படமும் தேடலில் அகப்படாது.

உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்வோம். கே, கன்லிஃப் என்னும் இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய புதைபடிவங்களை இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து வெளியிட்டார். அப்போது விருத்தாசலம் ‘வெர்டாசெல்லம்’ என்று எழுதப்பட்டது. சீட்டில் உள்ளதைத் திருத்தி எழுதினால் சான்று அழிந்துபோகும்; திருத்தாமல் விட்டால் இன்றைய பெயரால் தேடுபவருக்கு அது கிடைக்காது. ஆகவே, சீட்டில் உள்ளபடி ஒன்றும் இன்றைய வழக்கில் ஒன்றுமாக, இடப்பெயரை இரண்டு தனித்தனிப் பத்திகளில் பதிவதே சரியான முறை. உயிரினப் பெயருக்கும் இது பொருந்தும். புதுச்சேரிப் பகுதியிலிருந்து கிடைத்த ஓர் அம்மோனைட்டுக்கு ஃபோர்ப்ஸ் ‘அம்மோனைட்டிஸ் இந்திரா’ என்று பெயரிட்டார். இன்று அது ‘சூடோஃபில்லைட்டிஸ் இந்திரா’. இரண்டு பெயர்களையும் ஒரே கல்லோடு இணைக்கப் புதைபடிவம் அறிந்தவர் ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கண்டெடுத்த இடத்தின் துல்லியமான அமைவிடக் குறிப்புகளைச் சில வேளைகளில் வேண்டுமென்றே மறைத்து வைப்பார்கள். திருட்டைத் தடுக்க அது தேவைதான்.

இத்தனை பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, ‘புருகத்காயோசாரஸ்’ என்னும் மாபெரும் டைனோசரை நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் அறிவித்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிந்தார்கள். அந்த எலும்புகள் பிற்பாடு சிதைந்து போயின. அளவுகளும் தெளிவற்ற சில படங்களுமே மிஞ்சியதால், அது உண்மையில் டைனோசரின் எலும்புதானா என்றே பல ஆண்டுகள் ஐயப்பட்டார்கள். களத்தில் எடுத்த பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளிவந்த பிறகுதான் அந்த ஐயம் பெரிதும் தணிந்தது.

நீங்கள் தேடும்போது ஊர்ப்பெயரை இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் இட்டுப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். திருச்சிராப்பள்ளிக்கு ‘டிரிச்சினோப்போலி’, புதுச்சேரிக்கு ‘பாண்டிச்சேரி’ என்று பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்களிலும், சேகரித்தவர் பெயரிலும் தேடிப் பாருங்கள்.