90 மணி நேரப் பயணத்தில் ஜிபிஎஸ் கருவியின் பேட்டரி: கேள்வி பதில்

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூர சைக்கிள் பயணம் அடுத்து 2027-இல் வருகிறது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அந்தப் பயணத்துக்கும், அதற்குத் தகுதி பெறுவதற்கான 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிஆர்எம் பயணங்களுக்கும் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணங்கள்) ஆயத்தமாகும் உறுப்பினர்கள் பலர் கேட்டவற்றுள் பேட்டரி தொடர்பான கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: என் கருவி 20 மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. 400 கிலோமீட்டர் பயணத்தில் 13 மணி நேரத்திலேயே அணைந்துவிட்டது. கருவியில் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. அந்த 20 மணி நேரம் எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதைப் பெட்டி சொல்வதில்லை. இப்போது சில நிறுவனங்கள் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே தருகின்றன. எடுத்துக்காட்டாக, கார்மின் எட்ஜ் 1040 கருவிக்குக் கடுமையான பயன்பாட்டில் 35 மணி நேரம் என்றும், பேட்டரி சேமிப்பு முறையில் 70 மணி நேரம் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒரே கருவி, ஒரே பேட்டரி, ஆனால் ஆயுள் இரண்டு மடங்காகிறது என்றால், மின்சாரம் எங்கே செலவாகிறது என்பது நம் அமைப்புகளில்தான் இருக்கிறது என்று பொருள்.

முதல் செலவு திரையின் பின்னொளி. 400 கிலோமீட்டர் பயணத்துக்கு 27 மணி நேரம் அனுமதி என்பதால் ஓர் இரவாவது சாலையில் கழியும். அந்த இரவு முழுவதும் பின்னொளி உயர்ந்த அளவில் எரிந்தால் எந்தக் கருவியும் தாங்காது. அடுத்தது, பல செயற்கைக்கோள் அமைப்புகளை இரு அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் கேட்கும் துல்லிய முறை. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் அது உதவும். திறந்த நெடுஞ்சாலையில் சாதாரண ஜிபிஎஸ் போதும். வழி தவறியவுடன் கருவி தானாகவே புதிய வழியைக் கணக்கிடுவதும் செலவுதான். பிஆர்எம் பயணத்தில் குறிக்கப்பட்ட வழிக்கே திரும்ப வேண்டும் என்பதால், அந்த வசதி நமக்கு நன்மையைவிடக் குழப்பத்தையே அதிகம் தரும், அணைத்துவிடுங்கள். இதயத்துடிப்புப் பட்டையையும் மிதிவேக உணரியையும் கழற்ற வேண்டியதில்லை. அவை குறைவான மின்சாரத்திலேயே இயங்குவன.

கேள்வி: திரையை அணைத்துவிட்டால் திருப்பங்களைத் தவற விடமாட்டோமா?

மாட்டோம். திருப்பம் நெருங்கும்போது மட்டும் திரை தானாக ஒளிர்ந்து ஒலி எழுப்பும்படி பல கருவிகளில் அமைத்துக்கொள்ளலாம். அடுத்த 40 கிலோமீட்டர் நேராகச் செல்லும் சாலையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் எந்தப் பயனும் இல்லை; வேகத்தை நொடிக்கொரு முறை பார்ப்பது மனத்துக்கும் நல்லதில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.

கேள்வி: 90 மணி நேரத்துக்கு எவ்வளவு பெரிய பவர் பேங்க் வேண்டும், அண்ணா? 20,000 வாங்கலாமா, 10,000 போதுமா?

மில்லி ஆம்பியர் மணியை விட்டுவிட்டு வாட்-மணியில் கணக்கிடுங்கள். பவர் பேங்க்கின் மேல் எழுதியிருக்கும் 10,000 என்பது உள்ளே இருக்கும் கலத்தின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்படுவது. அது 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும், கருவியின் பேட்டரியில் மீண்டும் ஏற்றும்போதும் இழப்பு உண்டு என்பதால், கைக்கு வருவது 25 வாட்-மணி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

ஜிபிஎஸ் கருவியின் உள்ளே 1,500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருந்து, அது 20 மணி நேரம் ஓடுமானால், அதன் தேவை கால் வாட்டைச் சற்றே தாண்டும். 90 மணி நேரத்துக்கு 25 வாட்-மணி. அதில் 5 வாட்-மணிக்குமேல் புறப்படும்போதே கருவிக்குள் நிறைந்திருக்கும். ஆகவே கருவிக்கு மட்டும் என்றால் 10,000 தாராளமாகப் போதும்.

சிக்கல் கருவியால் வருவதில்லை, உடன் வருபவற்றால் வருகிறது. கைபேசியை ஒரு முறை முழுமையாக ஏற்ற 15 முதல் 20 வாட்-மணி வேண்டும். அதை நாளுக்கு ஒரு முறை ஏற்றினாலே ஜிபிஎஸ் கருவியின் மொத்தத் தேவையைப்போல இரண்டு மடங்கு போய்விடும். முன்விளக்கு இன்னும் பெரிய பசிக்காரன். ஆகஸ்ட் இறுதியில் பிரான்சில் இரவு ஏறத்தாழ 10 மணி நேரம் நீளும். மூன்று இரவுகளில் தூக்கத்தைக் கழித்து 24 மணி நேரம், சராசரி 2.5 வாட் அளவில் விளக்கை எரித்தால் 60 வாட்-மணி ஆகிறது. எனவே உங்கள் விளக்கு எதில் எரியப்போகிறது என்பதை முடிவு செய்யாமல் பவர் பேங்க்கின் அளவை முடிவு செய்ய முடியாது. மாற்று பேட்டரி உள்ள விளக்கோ, டைனமோ விளக்கோ இருந்து, கைபேசியை ஒன்றிரண்டு முறை மட்டும் ஏற்றினால், கருவிக்கும் கைபேசிக்கும் 20,000 ஒன்று போதும். 20,000 ஒன்றைவிட 10,000 இரண்டு நல்லது என்பேன். ஒன்று நனைந்தாலும் விழுந்தாலும் மற்றது இருக்கும்.

கேள்வி: சக்கர அச்சில் பொருத்தும் டைனமோவில் கருவியை நேரடியாக ஏற்ற முடியுமா?

முடியும், ஆனால் நேரடியாக வேண்டாம். பழைய சைக்கிள்களில் டயரை உரசிச் சுழன்ற டைனமோவைப் போலன்றி, இது சக்கரத்தின் நடுவில் இருந்தபடி அதிக உராய்வின்றி 6 வோல்ட், 3 வாட் தருகிறது. யுஎஸ்பி மாற்றி ஒன்றைச் சேர்த்தால் பகலில் கருவியையும் கைபேசியையும் ஏற்றலாம். மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் இறங்கும்போது மின்சாரம் விட்டு விட்டு வரும். பிரெஸ்ட் வரை போய்வரும் வழி ஏற்றமும் இறக்கமுமாகவே இருப்பதால் இது அடிக்கடி நேரும். ஒவ்வொரு ஏற்றத்திலும் மின்சாரம் அறுந்து, “சார்ஜர் துண்டிக்கப்பட்டது” என்று கருவி திரையை ஒளிரச் செய்யும். சில கருவிகள் தாமாக அணையவும் தொடங்கும். ஆகவே டைனமோ பவர் பேங்க்கை ஏற்றட்டும், பவர் பேங்க் கருவியை ஏற்றட்டும். விளக்கு எரியும் இரவில் ஏற்றுவதற்கு மிச்சம் அதிகம் இருக்காது.

கேள்வி: சூரிய ஒளியில் ஏறும் கருவிகள் நம் வெயிலுக்குப் பொருத்தம்தானே?

எட்ஜ் 1040 சோலார் கருவிக்குச் சொல்லப்படும் 45 மணி நேரமும் சேமிப்பு முறையின் 100 மணி நேரமும், பகல் பயணத்தில் 75,000 லக்ஸ் ஒளி கிடைக்கிறது என்ற அடிப்படையில் அமைந்தவை. தெளிந்த வானத்தின் கீழ் அது கிடைக்கும். மரநிழலிலும் மேகத்திலும் கிடைக்காது. நம் ஊர் சித்திரை வெயிலில் வேறொரு தொல்லை உண்டு. லித்தியம் பேட்டரியைச் சுமார் 45 டிகிரிக்குமேல் ஏற்றுவது தீங்கு என்பதால் கருவிகள் ஏற்றத்தைத் தாமே நிறுத்திவிடும். நண்பகலில் கருப்புநிறக் கருவி அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். இங்கே மதியத்தில் ஏற்றாமல், விடிவதற்கு முன்பு ஏற்றுங்கள். சூரிய ஒளி நேரத்தைச் சற்று நீட்டும் துணை மட்டுமே. அதை நம்பிப் பவர் பேங்க்கை வீட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: பவர் பேங்க்கில் இரவு முழுவதும் இணைத்திருந்தும் காலையில் கருவி 60 விழுக்காட்டிலேயே இருந்தது. ஏன்?

பவர் பேங்க்குகள் பல, வெளியேறும் மின்னோட்டம் மிகக் குறைந்தால், இணைப்பில் எதுவும் இல்லை என்று கருதித் தாமாக அணைந்துவிடும். ஜிபிஎஸ் கருவி கைபேசியைவிட மிகக் குறைவாகவே இழுக்கும் என்பதால் இந்தச் சிக்கல் அதற்கு அதிகம் வரும். குறைந்த மின்னோட்ட முறை உள்ள பவர் பேங்க்கை வாங்குங்கள். இல்லாவிட்டால் கருவி 20, 30 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகு இணையுங்கள், அப்போது அது நன்றாக இழுக்கும். கம்பியையும் மாற்றிப் பாருங்கள். பேட்டரியால் நின்ற கருவிகளைவிடத் தளர்ந்த கம்பியால் நின்றவையே அதிகம் என்பது என் எண்ணம். வளைந்த முனையுள்ள குட்டைக் கம்பி இரண்டு கொண்டுபோங்கள்.

கேள்வி: மழையில் ஓடிக்கொண்டே ஏற்றலாமா? கருவி ஐபிஎக்ஸ்7 தரம் கொண்டது.

ஏற்றக் கூடாது. ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அந்தத் தரம் சொல்வது, கம்பி செருகப்படாத நிலைக்குத்தான். மின்சாரம் ஓடும் முனையில் நீர் சேர்ந்தால் உலோகம் அரித்துப்போகும். மழை முன்னறிவிப்பு இருந்தால் வறண்ட நேரத்திலேயே ஏற்றி முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஏஏ பேட்டரி போடும் பழைய ஈட்ரெக்ஸ் (கார்மினின் கையடக்க ஜிபிஎஸ் கருவி) என்னிடம் உள்ளது. எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும். தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் மாற்று கிடைக்கும். திரை சிறியது, பொத்தான்கள் மெதுவானவை. மாற்றுக் கருவியாக அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

கேள்வி: பவர் பேங்க்கை சைக்கிள் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் அனுப்பலாமா?

கூடாது. அது கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 என்பது 74 வாட்-மணிதான்.

கேள்வி: வழியில் கருவி அணைந்துவிட்டால் தகுதி இழப்போமா? பதிவை ஒரே கோப்பாக வைத்திருக்க வேண்டுமா?

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் சோதனைச் சாவடிகளில் அட்டையில் பெறும் முத்திரையும் காலில் கட்டும் சிப்புமே சான்று. ஜிபிஎஸ் பதிவு யாரும் கேட்பதில்லை. வழி நெடுக அம்புக்குறிப் பலகைகளும் உண்டு. ஒரே கோப்பு வேண்டும் என்பது நம் ஆசை மட்டுமே. பிரெஸ்டில் பதிவைச் சேமித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பிறகு கருவி இடையில் அணைந்து கோப்பு சிதைந்தாலும் முதல் 600 கிலோமீட்டர் பத்திரமாக இருக்கும். இரண்டையும் வீட்டுக்கு வந்து கணினியில் இணைத்துக்கொள்ளலாம்.