மெடிக்கெய்டும் தனிக்கடைகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் மருந்துக்கடை வைத்திருக்கும், அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மெடிக்கெய்டு என்பது குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. ‘பிபிஎம்’ என்று வரும் இடமெல்லாம், காப்பீட்டுக்கும் கடைக்கும் நடுவே நின்று மருந்துக் கணக்கைப் பார்க்கும் நிறுவனம் என்று கொள்ளுங்கள்.

அண்ணா, நியூயார்க்கில் 2023 ஏப்ரலில் மெடிக்கெய்டு மருந்துகள் என்ஒய்ஆர்எக்ஸ் என்ற மாநில அரசின் மருந்துத் திட்டத்துக்கு மாறியபின் மலிவான மருந்துகளில்கூடக் காசு மிஞ்சுகிறது. எப்படி?

முன்பு உங்கள் பில் தனியார் காப்பீட்டுத் திட்டங்களின் பிபிஎம்முக்குப் போனது. அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதியதுதான் விலை. இப்போது மாநிலமே நேரடியாகப் பணம் தருகிறது. அப்படித் தரும்போது, 2016இல் வந்த மத்திய விதிப்படி, மருந்தின் உண்மையான கொள்முதல் விலையோடு மருந்தாளுநரின் உழைப்புக்கு ஒரு கட்டணமும் சேர வேண்டும். கொள்முதல் விலைக்கு அடிப்படை நாடாக் பட்டியல். கடைகளின் விலைச்சீட்டுகளை வாங்கிப் பார்த்துத் தயாரிப்பது, வாரந்தோறும் திருத்தப்படுகிறது. நியூயார்க்கின் கட்டணம் 10.18 டாலர்.

ஒரு மாத்திரை 5 சென்ட் என்று வையுங்கள். 30 மாத்திரைக்கு 1.50, கட்டணத்தோடு 11.68 டாலர். இதே மருந்துச் சீட்டுக்கு ஒரு பிபிஎம் 2 டாலர் தந்தால் டப்பா, லேபிள் செலவு போக என்ன மிஞ்சும்?

உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். 600 டாலர் பிராண்டு மருந்தை நாடாக் விலையைவிட ஒரு விழுக்காடு கூடுதலாக வாங்கினாலே 6 டாலர் போய்விடும். கட்டணத்தில் பாதிக்குமேல் அங்கேயே கரைந்தது. மொத்த வியாபாரியிடம் பேரம் பேச வேண்டியது பிராண்டில்தான்; பலர் ஜெனரிக்கிலேயே (பிராண்டு பெயரில்லாத அதே மருந்து) பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் சிறிய கடைக்கும் சங்கிலிக் கடைக்கும் ஒரே கட்டணமா?

இல்லை. ஆண்டுக்கு 90,000 சீட்டுக்குக் குறைவாகக் கொடுக்கும் கடைக்கு 13.20 டாலர், மற்றவற்றுக்கு 10.05. ஆனால் எங்கள் எண்ணிக்கை இவ்வளவு என்று ஆண்டுதோறும் நீங்களே உறுதிமொழி தர வேண்டும். தராவிட்டால் சிறிய கடைக்கும் 10.05தான். சீட்டுக்கு 3.15 டாலர்! யார் வேலை அது என்று கடையில் ஒருவரை இன்றே நியமித்துவிடுங்கள்.

காப்பீடு இல்லாதவர்களுக்கு ஜெனரிக்கை 4 டாலருக்குக் கொடுக்க நினைக்கிறேன். தடை உண்டா?

கொடுக்கலாம். ஆனால் மெடிக்கெய்டு, மேலே சொன்ன கணக்கையும் நீங்கள் பொதுமக்களிடம் வழக்கமாக வாங்கும் விலையையும் பார்த்து எது குறைவோ அதைத்தான் தரும். எல்லாருக்கும் 4 டாலர் என்று பலகை மாட்டிவிட்டு மெடிக்கெய்டுக்கு 15 என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. கேமார்ட்டின் தள்ளுபடித் திட்ட வழக்கில், அந்தத் தள்ளுபடி விலையே வழக்கமான விலை என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பெரிய கடைக்கே அந்தக் கதி. பலகை மாட்டுமுன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஓஹையோ ஏன் எல்லா மெடிக்கெய்டு திட்டங்களுக்கும் ஒரே பிபிஎம் என்று மாறியது?

2018இல் மாநிலத் தணிக்கையாளர் கணக்கைத் திறந்து பார்த்தார். திட்டங்களிடம் பிபிஎம்கள் வாங்கியதற்கும் கடைகளுக்குக் கொடுத்ததற்கும் இடையே ஓராண்டில் 22.48 கோடி டாலர் வித்தியாசம். ஜெனரிக்கில் மட்டும் இந்த வித்தியாசம் 31.4 விழுக்காடு. அதன்பின் பழைய ஏற்பாடு நிலைக்குமா? 2022 அக்டோபரில் ஒரே பிபிஎம் நடைமுறைக்கு வந்தது.

பிபிஎம்கள் மருந்துக்கடை வைத்திருக்கக் கூடாது என்ற ஆர்கன்சாஸ் சட்டம் என்ன ஆயிற்று?

2025இல் இயற்றியது, 624ஆம் சட்டம். 2026 ஜனவரி முதல் அமலாக வேண்டியதை 2025 ஜூலையில் மத்திய நீதிமன்றம் நிறுத்திவைத்தது; மாநிலம் மேல்முறையீட்டுக்குப் போனது. இதே மாநிலத்தின் 2015 சட்டத்தோடு இதைக் குழப்பாதீர்கள். கொள்முதல் விலைக்குக் குறையாமல் கடைக்குத் தர வேண்டும் என்ற அந்தச் சட்டம் உச்ச நீதிமன்றத்தில் 2020 டிசம்பரில் 8–0 என்று வென்றது. என் கணிப்பில் தனிக்கடைகளுக்கு அந்த வெற்றிதான் பெரிது. உரிமையாளர் யார் என்பதைவிட, விலை என்ன என்பதுதான் கல்லாவில் தெரியும்.

வெள்ளி மாலை முன் அனுமதி (மருந்து கொடுக்குமுன் காப்பீட்டின் ஒப்புதல்) வேண்டும் என்று திரையில் வருகிறது. நோயாளி எதிரே நிற்கிறார். என்ன செய்ய?

மத்தியச் சட்டப்படி முன் அனுமதிக் கோரிக்கைக்கு 24 மணி நேரத்தில் மெடிக்கெய்டு பதில் சொல்ல வேண்டும்; அவசரம் என்றால் குறைந்தது 72 மணி நேரத்துக்கான மருந்தைக் கொடுக்க வழி செய்திருக்க வேண்டும். இதற்கான குறியீடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அதைக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். “திங்கள் வாருங்கள்” என்று இன்சுலின் நோயாளியை அனுப்பிய கடைகளைப் பற்றிக் கேட்கும்போது கோபம்தான் வருகிறது.

புதிய வேலை நிபந்தனை நம்மைப் பாதிக்குமா?

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, மெடிக்கெய்டு விரிவாக்கத்தில் (வருமான வரம்பை உயர்த்திக் கூடுதல் பெரியவர்களைச் சேர்த்த ஏற்பாடு) சேர்ந்த 19 முதல் 64 வயதுக்காரர்கள், விலக்கு பெற்றவர்கள் தவிர, மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ காட்ட வேண்டும். 2027 ஜனவரி தொடக்கத்துக்குள் மாநிலங்கள் இதை அமலாக்க வேண்டும். தகுதிச் சோதனையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. ஆகவே மெடிக்கெய்டு அட்டை திடீரென்று செல்லாமல் போவது கூடும். மாதாமாதம் வருபவர்களிடம் புதுப்பிப்புக் கடிதம் வந்ததா என்று இப்போதே கேட்கத் தொடங்குங்கள்.

இணைக்கட்டணம் (நோயாளி தன் பங்காகத் தரும் தொகை) கட்ட ஒரு டாலர்கூடக் கையில் இல்லை என்கிறார் ஒருவர். திருப்பி அனுப்பலாமா?

வறுமைக்கோட்டு வருமானத்துக்கு உட்பட்டவரென்றால் கூடாது. கணக்கில் பாக்கி என்று எழுதிக்கொண்டு மருந்தைக் கொடுத்து அனுப்புங்கள்.