துர்கைம் பழமைவாதியா?

அன்புள்ள ஐயா,

முதுகலை சமூகவியல் படிக்கிறேன். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் தனிமனிதனைவிடச் சமூகமே பெரிது என்றவர், அதனால் அரசியலில் பழமைவாதி என்று வகுப்பில் குறிப்பு கொடுத்தார்கள். தேர்வில் அப்படியே எழுதிவிடலாம், ஆனால் நம்ப மனம் வரவில்லை. உங்கள் கருத்து என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குறிப்பின் முதல் பாதி சரி. நடுவில் வரும் அந்த ‘அதனால்’தான் தப்பு.

1895 ஜனவரி 5. பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றத்தில் பிரெஞ்சு ராணுவ அதிகாரி கேப்டன் டிரைஃபஸின் சீருடையிலிருந்து பதவிப் பட்டைகளைப் பிய்த்தெறிந்து, அவருடைய வாளையும் உடைத்தார்கள். ஜெர்மனிக்கு உளவு சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அவர் யூதர். தான் நிரபராதி என்று அவர் கத்தக் கத்த, வெளியே கூட்டம் அவருக்கு எதிராகக் கூச்சலிட்டது. 1898இல் நாவலாசிரியர் எமில் ஜோலா அவருக்காக எழுதியதும் பிரான்சே இரண்டுபட்டது. ராணுவத்தின் தீர்ப்பையே கேள்வி கேட்கும் படிப்பாளிகள், ஆளுக்கொரு நியாயம் பேசி நாட்டைக் குலைக்கிறார்கள் என்று எழுதினார் இலக்கிய விமர்சகர் புருனெத்தியேர்.

அதே ஆண்டு ஜூலையில் துர்கைம் புருனெத்தியேருக்கு ஒரு கட்டுரையில் பதில் எழுதினார். நாட்டைவிட நியாயம் பெரிது என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு சமூகம் சேர்ந்து நிற்கப் பொதுவான நம்பிக்கை ஒன்று வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறார். சரி, தொழிலும் வாழ்க்கையும் எண்ணமும் ஆளுக்கு ஆள் வேறாகிவிட்ட காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுவது எது? மனிதர் என்பது மட்டும்தான். அந்த மனிதத்தன்மையைப் புனிதமாகக் கருதுவதே இக்காலத்தின் மதம் என்கிறார். அப்படியானால் நாட்டின் நன்மைக்காக என்று சொல்லி ஒரு நிரபராதியின் உரிமையை மிதிப்பவர்கள், நாட்டைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிற்றையே அறுக்கிறார்கள். தன் லாபமே குறியென்று வாழும் தனிமனிதவாதத்தை அவர் அங்கேயே தள்ளிவிடுகிறார். அவர் காக்க வந்தது யாரோ ஒருவருடைய ‘நான்’ அல்ல, ஒவ்வொருவரிடமும் இருக்கும் மனிதரை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

துர்கைம் எப்பினால் நகரத்து ராபியின் (யூத மதகுருவின்) மகன். பிரஷ்யாவோடு நடந்த 1870 போரில் பிரான்ஸ் தோற்றபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தோல்விக்கு யூதர்கள்மேல் பழி விழுந்ததை அருகிலிருந்து பார்த்ததாக 1899இல் எழுதினார். அடிபட்ட சமூகம் யார்மேலாவது பழி போடத் தேடும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டவர் அவர்.

அப்புறம், அரசு பற்றி. குடும்பமோ, ஒரே தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்த தொழிற்குழுவோ தன் உறுப்பினரை நசுக்கினால் அரசு அவரை விடுவிக்க வேண்டும். அரசே நசுக்க வந்தால் அந்தக் குழுக்கள் தடுக்க வேண்டும். இந்த இரண்டின் மோதலில்தான் தனிமனித சுதந்திரம் பிறக்கிறது என்று வகுப்புகளில் சொன்னார். பழமைவாதி இப்படிப் பேசமாட்டார்.

எனக்கு அவரோடு ஒரு சண்டை உண்டு. தொழிற்குழுக்களையே அரசியலின் அடிப்படை அலகாக்கலாம் என்று 1902இல் எழுதினார். முதலாளியும் தொழிலாளியும் ஒரே அமைப்பில் உட்கார்ந்தால் யார் குரல் எடுபடும்? இரு தரப்பும் தனித்தனியே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று அடிக்குறிப்பில் சொல்லி முடித்துவிடுகிறார். எனக்கு அது போதவில்லை.

1898 கட்டுரை சில பக்கங்கள்தான். தேர்வுக்கு முன்பே படித்துவிடுங்கள். முடிந்தால் பாடம் எடுத்தவரோடும் சேர்ந்து படியுங்கள்.

அன்புடன்